படி எடுத்தாயிற்றா?

அரசாங்க அலுவலகங்களில் பழகியவர்களுக்கு 'உண்மைப் படி' என்னும் சொற்றொடர் புதியதன்று. மூலப் பத்திரம் ஒன்று இருக்கும். அதனைப் பார்த்து எழுதிய படி ஒன்று இருக்கும். படியின் அடியில், 'மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்று குறித்து அதிகாரி ஒருவர் கையொப்பமிடுவார். அந்தக் கையொப்பம் இல்லையேல் படிக்கு மதிப்பில்லை. படி எடுக்குமாறு ஆணையிட்டது ஒரு செய்தி. எழுத்தர் படி எடுத்தார் என்பது மற்றொரு செய்தி. எடுத்த படி மூலத்தோடு ஒத்திருக்கிறது என்பது மூன்றாவது செய்தி. இம்மூன்றையும் ஒன்றென்று எண்ணிவிட்டதால் எங்கள் பிரிவில் நேர்ந்த சில தொல்லைகளையும், அவற்றின் காரணத்தைத் தேடிக் கண்ட வகையையும் நேயர்களுக்கு இன்று எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். தொல்லை நேர்ந்தது காகிதப் பத்திரங்களில் அன்று. மூன்று கணிப்பொறிகளில் பிரித்து வைத்த ஒரு சிறு தரவுத்தளத்தில்.

எங்கள் மொழிபெயர்ப்புப் பிரிவு தில்லியில் உள்ளது. அறிவிக்கைகளும் படிவங்களும் சுற்றறிக்கைகளும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, ஒரே சொல்லுக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லை இட்டால் படிக்கும் மக்கள் மயங்குவர். ஆகையால் எங்களுக்கு மூத்தவர் ஒருவர் தம் பணிக்காலம் முழுவதும் அட்டைகளில் சொற்களைத் தொகுத்து வந்தார். ஆங்கிலச் சொல், அதற்குரிய தமிழ், அஃது எவ்விடத்தில் பொருந்தும், எவ்விடத்தில் பொருந்தாது, ஐயம் எழுந்தபோது யாரைக் கேட்டுத் தெளிந்தார் என்பன எல்லாம் அவ்வட்டைகளில் இருந்தன. அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னர் அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றினோம். ஏற்றி முடித்தபின் அட்டைப் பெட்டிகளைப் பழைய பொருள்களோடு சேர்த்து அப்புறப்படுத்திவிட்டார்கள். ஆதலால் ஒரு மனிதருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் பொறியிலுள்ள படியை மட்டுமே நம்பி நின்றது.

முதலில் ஒரே பொறியில் வைத்திருந்தோம். ஒரு கோடையில் அப்பொறி நின்றுவிட, எங்கள் வேலையும் இரண்டு நாள் நின்றது. அதன்பின் மேலும் இரு பொறிகளைச் சேர்த்து, மூன்றிலும் தரவைப் பரப்பி வைப்பதென்று முடிவாயிற்று. எங்களுக்கு உதவிய இளம் பொறியாளர் தமக்குப் பழக்கமான கஸாண்ட்ரா என்னும் மென்பொருளை முதலிலேயே நிறுவியிருந்தார். ஃபேஸ்புக் நிறுவனத்தில், அன்பர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களுக்குள் தேடுவதற்காக அவினாஷ் லக்ஷ்மண், பிரசாந்த் மாலிக் என்னும் இருவர் உருவாக்கியது அது. 2008ஆம் ஆண்டு எல்லோரும் எடுத்தாளும் வண்ணம் வெளியிடப்பட்டது. இப்பொழுது அப்பாச்சி அறக்கட்டளையின் பாதுகாப்பில் வளர்ந்து வருகிறது. நூற்றுக்கணக்கான பொறிகளை ஆளவல்ல அம்மென்பொருளை எங்கள் சொற்பட்டியலுக்குப் பயன்படுத்தியது, தேர் வடத்தைக் கொண்டு கைவண்டியை இழுத்தாற்போன்றதே. ஆயினும் பொறிகள் மூன்றாயினும் முந்நூறாயினும் நோயின் இயல்பு ஒன்றுதான். சிறிய இடத்தில் அதனைப் பார்ப்பது எளிது.

மூன்று மேசைகளில் மூன்று எழுத்தர்கள், ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு, என்று நேயர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். மூவரில் தலைமை எழுத்தர் என்று ஒருவர் இல்லை. யாரிடம் போய்க் கேட்டாலும், தம்மிடம் இல்லாததை மற்றவரிடம் கேட்டு வாங்கித் தருவார். எந்தச் சொல் எவருடைய பதிவேட்டில் இருக்கவேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. ஒவ்வொரு சொல்லையும் எத்தனை பதிவேடுகளில் எழுதவேண்டும் என்பதை ஓர் எண்ணால் குறிப்பார்கள். பொறியியலார் அதனை ரெப்ளிகேஷன் ஃபேக்டர் என்பர். நான் 'படியெண்' என்று சொல்லுகிறேன். படியெண் 1 எனில் ஒவ்வொரு சொல்லும் ஒரே பதிவேட்டில் இருக்கும். 3 எனில் மூன்றிலும் இருக்கும்.

ஒரே பொறி இருந்த காலத்தில் எங்கள் படியெண் 1. வேறு எண்ணுக்கு அப்பொழுது பொருளும் இல்லை. இரண்டு பொறிகள் சேர்ந்தவுடன் சொற்கள் மூன்றிலும் ஏறத்தாழச் சமமாகப் பங்கிடப்பட்டன. பங்கிடப்பட்டனவேயன்றிப் பெருகவில்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் அப்பொழுதும் ஒரு படிதான். சில நாள் சென்று இதனைக் கவனித்த பொறியாளர் படியெண்ணை 3 என்று மாற்றினார். ஒரு வரி ஆணை. ஒரு நொடியில் முடிந்தது. இனி எந்தப் பொறி நின்றாலும் கவலையில்லை என்று நாங்கள் மகிழ்ந்தோம். தொல்லை அன்றுதான் தொடங்கியது.

காலையில் தேடியபோது கிடைத்த சொல் பிற்பகலில் தேடினால் கிடைக்கவில்லை. ஒருவர் மேசையில் தென்பட்டது அடுத்தவர் மேசையில் தென்படவில்லை. மறுபடியும் தேடினால் தென்படும். சொல்லைத் தட்டெழுதியவர்மீது சிலர் ஐயங்கொண்டனர். கம்பி இணைப்பின்மீது சிலர் குற்றம் சாட்டினர். தமிழ் எழுத்துருவின் கோளாறு என்று நான் எண்ணினேன். இதற்கிடையில் ஒரு தீமையும் நடந்துகொண்டிருந்தது. சொல் காணவில்லையே என்று கருதியவர்கள் தமக்குத் தோன்றிய தமிழை இட்டுப் புதிதாகப் பதிந்தார்கள். மூத்தவர் ஆராய்ந்து வைத்த சொல்லோடு அவசரத்தில் பிறந்த சொல்லும் அடுத்தடுத்து நின்றது.

காரணம் தேடிய பொறியாளர் முதலில் பொறிகளின் நிலையைக் காட்டும் 'நோட்டூல் ஸ்டேட்டஸ்' என்னும் கட்டளையைப் பிறப்பித்தார். மூன்று பொறிகளும் இயங்குகின்றன என்று அது காட்டியது. ஒவ்வொரு பொறிக்கும் உரிய பங்கு நூற்றுக்கு நூறு என்றும் காட்டியது. படியெண் 3, பொறிகள் 3. ஆகவே ஒவ்வொன்றும் முழுமையையும் தாங்குகிறது என்பது அதன் பொருள். இவ்வளவு தெளிவான விடையைக் கண்டபின் தரவுத்தளத்தை யார் ஐயுறுவார்? இரண்டு நாள் வேறு இடங்களில் தேடி அலைந்தோம்.

பிறகுதான் அதே அட்டவணையில் மற்றொரு பத்தி அவர் கண்ணிற்பட்டது. ஒவ்வொரு பொறியிலும் வட்டில் உண்மையாக எவ்வளவு தரவு கிடக்கிறது என்பதைக் காட்டும் பத்தி அது. படியெண்ணை மாற்றுவதற்கு முன்பு எவ்வளவு இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவே பின்பும் இருந்தது. மூன்று மடங்கு படிகள் உண்டாகியிருந்தால் இந்த எண் மும்மடங்காக வளர்ந்திருக்க வேண்டுமன்றோ? நூற்றுக்கு நூறு என்று முன்னர்க் கண்டது ஆணையைக் கொண்டு போட்ட கணக்கு. இஃது இருப்பைக் கொண்டு போட்ட கணக்கு. கருவூலத்தில் எவ்வளவு பணம் இருக்கவேண்டும் என்பதையும் எவ்வளவு இருக்கிறது என்பதையும் ஒரே தாளில் இரண்டு பத்திகளாக எழுதியிருக்க, நாங்கள் முதற்பத்தியை மட்டும் படித்துவிட்டு எழுந்துபோயிருந்தோம்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனையும் செய்தார். கஸாண்ட்ராவிடம் ஒன்றைக் கேட்கும்போது, எத்தனை பதிவேடுகளைப் பார்த்து விடை சொல்லவேண்டும் என்று நாமே குறிப்பிடலாம். 'ஒன்று' என்றால் ஒரே பதிவேட்டைப் பார்த்துச் சொல்லும். 'பெரும்பான்மை' என்றால் மூன்றில் இரண்டைப் பார்க்கும். 'எல்லாம்' என்றால் மூன்றையும் பார்க்கும். எங்கள் தேடல்கள் 'ஒன்று' என்னும் அளவில் நடந்துவந்தன. காணாமற்போன சொல் ஒன்றை 'எல்லாம்' என்னும் அளவில் கேட்டார், உடனே கிடைத்தது. மேலும் பல சொற்களை அங்ஙனமே கேட்டார். ஒன்றும் தவறாமல் கிடைத்தன. சொற்கள் அழியவில்லை, அவற்றின் படிகள்தாம் பிறக்கவில்லை. உரிய பதிவேடு மூன்று என்று கணக்குச் சொல்லியது. சொல் எழுதப்பட்டிருந்ததோ ஒன்றில் மட்டும். வெறும் பதிவேட்டைக் கேட்டபோதெல்லாம் 'இல்லை' என்ற விடை வந்தது. அந்த எழுத்தர் பொய் சொல்லவில்லை, அவரிடம் இல்லைதான்.

பெரும்பான்மையைக் கேட்டிருந்தால் இத்தொல்லை வந்திராது என்று சிலர் கருதலாம். நானும் கேட்டேன். வழக்கமான காலத்தில் அது சரியே. எழுதும்போது மூவரில் இருவரிடம் எழுதி, படிக்கும்போது இருவரைக் கேட்டால், கேட்ட இருவரில் ஒருவரேனும் எழுதிய இருவரில் ஒருவராய் இருந்தே தீரவேண்டும். ஆனால் எங்கள் பழைய சொற்கள் ஒருவரிடம் மட்டுமே எழுதப்பட்டவை. மற்ற இருவரையும் கேட்டால் இருவருமே வெறுங்கையை விரிப்பார்கள். பெரும்பான்மை என்பது எழுதிய நாளிலும் கடைப்பிடிக்கப்பட்டிருந்தால்தான் படிக்கும் நாளில் துணை நிற்கும்.

தீர்வு கடினமானதன்று. 'ரிப்பேர்' என்னும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் கட்டளையை முழு அளவில், ஒவ்வொரு பொறியிலும் ஒன்றன்பின் ஒன்றாக நடத்தவேண்டும். அது பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாதவற்றை எழுதி நிரப்பும். பொறிக்கும் வட்டுக்கும் சுமை மிகுதியாகையால் இரவில் நடத்தினோம். இரண்டு இரவுகளில் முடிந்தது. காலையில் பார்த்தபோது இருப்புப் பத்தியின் எண் ஏறத்தாழ மும்மடங்காகியிருந்தது. சொற்கள் மறைவதும் நின்றது.

இதில் நாங்கள் நாணவேண்டிய செய்தி ஒன்று உண்டு. படியெண்ணை உயர்த்தும் ஆணையைக் கொடுத்தவுடனேயே, படியெண்ணை உயர்த்தினால் தரவு பரவுவதற்கு முழு ரிப்பேர் நடத்தவேண்டும் என்று அம்மென்பொருள் ஒரு வரி எச்சரிக்கை காட்டுகிறது. எங்களுக்கும் காட்டியது. ஆணை நிறைவேறிற்று என்ற மகிழ்ச்சியில் அதன் கீழே இருந்த வரியை யாரும் படிக்கவில்லை.

இரண்டாவது தொல்லை வேறு விதமாக வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை, தூசி துடைப்பதற்காக இரண்டாம் பொறியை நிறுத்தினார்கள். மூன்று படிகள் இருக்கின்றன. ஒன்றை நிறுத்தினால் குறையொன்றும் இல்லை என்பது எங்கள் நம்பிக்கை. ஆனால் சிறிது நேரத்தில் பிரிவில் சிலருக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. பெயரையும் மறைச்சொல்லையும் கொடுத்தால், நீர் யாரென்று தெரியாது என்ற விடை வந்தது. அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவரோ தடையின்றி வேலை செய்துகொண்டிருந்தார்.

இந்தப் புதிரை அவிழ்த்தபோது உள்ளே இருந்தது பழைய காரணமே. சொற்களை வைத்திருக்கும் ஏடு ஒன்று. உள்ளே வர உரிமை பெற்றவர்களின் பெயர்களை வைத்திருக்கும் ஏடு மற்றொன்று. பின்னதற்கு 'ஸிஸ்டம் ஆத்' என்று பெயர். ஒவ்வோர் ஏட்டுக்கும் படியெண் தனித்தனியே உண்டு. சொல்லேட்டின் படியெண்ணை 3 ஆக்கியவர்கள் பெயரேட்டை மறந்துவிட்டோம். அது பிறப்பிலேயே 1 என்னும் எண்ணோடு வருகிறது. எனவே பயனாளர்களின் பெயர்கள் மூன்று பொறிகளிலும் ஒற்றைப் படியாகச் சிதறிக் கிடந்தன; எவருடைய பெயர் இரண்டாம் பொறியில் இருந்ததோ அவர் வெளியே நிற்க நேர்ந்தது. பொக்கிஷத்துக்கு மூன்று பெட்டிகள் செய்து, மூன்றுக்கும் ஒரே சாவி வைத்தவன் நிலைமை எங்களுடையது. அந்த ஏட்டின் படியெண்ணையும் 3 ஆக்கி, இம்முறை மறவாமல் ஒப்பிட்டுச் சரிசெய்தோம்.

படியெண் ஏன் மூன்று, இரண்டு போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டுக்குப் பெரும்பான்மை யாது? இரண்டுதான். ஒருவர் இல்லையென்றால் பெரும்பான்மை கூடாது; வேலை நின்றுவிடும். மூன்றுக்கும் பெரும்பான்மை இரண்டே. ஆகவே ஒருவர் நின்றாலும் மற்ற இருவரைக் கொண்டு எழுதவும் படிக்கவும் கூடும். பெரும்பான்மையைக் கொண்டு நடத்தும் இடத்தில் இரண்டு படிகள் வைப்பவர், தரவை இழவாமலிருக்க வழி தேடிக்கொண்டார் என்பது மெய். வேலை நில்லாமலிருக்க வழி தேடவில்லை.

அமைப்பில் மற்றோர் இடறுகல்லும் உண்டு. பொறிகள் நிற்கும் மையத்துக்கு ஒரு பெயர் இட்டு, அம்மையத்தில் இத்தனை படிகள் என்று எழுதுவது வழக்கம். அமைப்புக் கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்தால் எழுதிய பெயரை ஆணையில் சிறிய எழுத்தால் எழுதினால், மென்பொருளுக்கு அவை வேறு வேறு ஊர்கள். இல்லாத ஊரில் மூன்று படி வைக்குமாறு ஆணையிட்டதாக அது முடியும். 2021ஆம் ஆண்டு வெளிவந்த 4.0 பதிப்பிலிருந்து இத்தகைய ஆணையைக் கஸாண்ட்ரா மறுத்துவிடுகிறது. முந்தைய பதிப்புகளோ வாய் திறவாமல் ஏற்றுக்கொண்டன. பழைய பதிப்பை வைத்திருப்போர் முதலில் பார்க்கவேண்டிய இடம் இது.

மூன்றாவது தொல்லைதான் எங்களை மெய்யாகவே அச்சுறுத்தியது. மின்னழுத்தம் தாறுமாறாக ஏறி இறங்கிய ஒருநாள் மூன்றாம் பொறியின் உட்பலகை கருகிவிட்டது. அதனைப் பழுது பார்க்க அனுப்பினார்கள். அது திரும்பி வர 17 நாள் ஆயிற்று. எஞ்சிய இரு பொறிகளும் பெரும்பான்மையாக நின்று வேலையை நடத்தின. அந்த நாட்களில் முதல் இரண்டு நாளும், முன்பு அவசரத்தில் பதிந்த தவறான சொற்களையெல்லாம் உட்கார்ந்து நீக்கினோம். ஓய்வு பெற்ற மூத்தவரே வீட்டிலிருந்து வந்து அருகிலிருந்து உதவினார்.

பொறி திரும்பி வந்தது, இணைத்தோம், மற்ற இரண்டோடும் ஒப்பிட்டுச் சரிசெய்தோம். ஒரு வாரம் சென்றது. புதிதாகச் சேர்ந்த இளையவர் ஒருவர் ஓர் அறிவிக்கையை மொழிபெயர்த்துக் கொண்டுவந்தார். ஈராண்டுக்கு ஒருமுறை அனுப்பவேண்டிய அறிக்கையை ஆண்டுக்கு இருமுறை அனுப்பவேண்டும் என்று தமிழில் இருந்தது. ஆங்கிலத்தில் பையென்னியல் என்பது ஈராண்டுக்கு ஒருமுறை. பையானுவல் என்பது ஆண்டுக்கு இருமுறை. இரண்டையும் மயங்கிப் பதிந்த பிழையான பதிவு ஒன்று எங்கள் தரவுத்தளத்தில் இருந்தது உண்மை. ஆனால் அதனை நீக்கிவிட்டோமே! நானே என் கையால் நீக்கியிருந்தேன். அந்த இளையவர் தரவுத்தளத்தைத் திறந்து காட்டினார். நீக்கிய சொல் அங்கே நின்றுகொண்டிருந்தது. அகரவரிசையில் 'ஆண்டுக்கிருமுறை' என்பது 'ஈராண்டுக்கொருமுறை' என்பதற்கு முன்னால் வருமாகையால், தவறான சொல்லே முதலில் நின்றது. முதலில் கண்டதை அவர் எடுத்துக்கொண்டார். மெய்ப்பு பார்க்கும்போது பிடிபட்டதால் தப்பினோம். இல்லையேல், படிவத்தை நிரப்பும் எளிய மக்கள் இரண்டாண்டில் ஒருமுறை செய்யவேண்டியதை நான்குமுறை செய்திருப்பார்கள்.

இறந்த சொல் எங்ஙனம் உயிர்த்தது? பல பொறிகளில் பரவிய தரவில் ஒன்றை நீக்குவது, பக்கத்தைக் கிழித்தெறிவது போன்றதன்று. கிழித்துவிட்டால், அப்பக்கம் மற்றொரு பதிவேட்டில் இருப்பதைக் கண்ட எழுத்தர், இங்கே விடுபட்டுப்போயிற்று என்று எண்ணி மறுபடியும் எழுதிவிடுவார். ஆகவே 'இச்சொல் நீக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பை எழுதி வைப்பார்கள். ஆங்கிலத்தில் அதற்குக் கல்லறைக் கல் என்று பொருள்படும் பெயர் உண்டு. அக்குறிப்புகள் என்றென்றும் கிடந்தால் ஏடு குறிப்புகளாலேயே நிரம்பிவிடும் என்பதற்காக, ஒரு காலத்துக்குப்பின் அவற்றைத் துடைத்துவிடுவார்கள். வேறு ஆணை இல்லாதபோது அக்காலம் 8,64,000 நொடி. அதாவது 10 நாள்.

எங்கள் மூன்றாம் பொறி 17 நாள் இல்லை. நீக்கல் குறிப்பு மற்ற இரண்டு பொறிகளிலும் எழுதப்பட்டு, 10 நாள் கழிந்து, துடைக்கப்பட்டும் போயிற்று. பொறி திரும்பி வந்தபோது அதன் பதிவேட்டில் பழைய சொல் இருந்தது. மற்ற இரண்டிலும் சொல்லும் இல்லை, நீக்கிய குறிப்பும் இல்லை. ஒப்பிட்ட கட்டளை தன் கடமையைச் செம்மையாகச் செய்தது: இரண்டில் விடுபட்டுப்போயிருக்கிறது என்று கண்டு, மூன்றாவதிலிருந்து எடுத்து நிரப்பியது. வராத பொறிக்குரிய செய்திகளை மற்றவை சேர்த்துவைத்துப் பின்னர்க் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு; ஆனால் இயல்பான அமைப்பில் அது 3 மணி நேரத்துக்கு மட்டுமே சேர்த்துவைக்கும்.

இதிலிருந்து இரண்டு விதிகளைக் கற்றோம். நீக்கல் குறிப்பின் ஆயுளுக்குள், அதாவது 10 நாளுக்குள், ஒவ்வொரு பொறியையும் ஒருமுறையேனும் ஒப்பிட்டுச் சரிசெய்துவிட வேண்டும். அதற்கு மேல் விலகியிருந்த பொறியை, பழைய ஏட்டோடு உள்ளே விடலாகாது. அதன் தரவைத் துடைத்து, புதிய பொறிபோல் வெறுங்கையோடு வரவழைத்து, மற்றவற்றிடமிருந்து படியெடுக்கச் செய்யவேண்டும்.

பொறிகள் முரண்படும்போது கஸாண்ட்ரா எதனை ஏற்றுக்கொள்கிறது என்பதும் அறியத்தக்கது. 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல ஏட்டுப் பிரதிகளை ஒப்பிட்டு, பொருளையும் வழக்கையும் சீர்தூக்கிப் பாடத்தைத் துணிந்தார். கணிப்பொறிக்கு அந்தச் சீர்தூக்கல் இல்லை. எது பிந்தி எழுதப்பட்டதோ அதுவே மெய் என்று கொள்ளும். பிந்தியது எது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும். ஒரு பொறியின் கடிகாரம் ஐந்து நிமிடம் முந்தி ஓடுமானால், அதிலிருந்து எழுதிய பழைய சொல் மற்றவர் திருத்திய புதிய சொல்லை வென்றுவிடும். ஆகவே படிகள் முரண்படும் இடத்தில், பொறிகளின் கடிகாரங்கள் ஒத்து ஓடுகின்றனவா என்பதையும் பார்க்கவேண்டும்.

இத்தகைய கோளாறுகளைச் சரிசெய்யும்போது அவசரம் எவ்வளவு கொடியது என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. நிரலாளர்களின் மூலநிரல்களைக் காத்துவைக்கும் கிட்லேப் என்னும் நிறுவனத்தில் 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் நடந்தது அது. அவர்களுடைய தரவுத்தளம் வேறு. போஸ்ட்கிரெஸ் என்று பெயர். தலைமைப் பொறி ஒன்று, அதனைப் பார்த்துப் படியெடுக்கும் துணைப் பொறி ஒன்று என்பது அமைப்பு. அன்று சுமை மிகுந்து துணைப் பொறி பின்தங்கிவிட்டது. புதிதாகப் படியெடுக்க முயன்றபோது, படியெடுக்கும் கட்டளை ஒன்றும் சொல்லாமல் காத்துக்கொண்டிருந்தது. துணைப் பொறியில் எஞ்சியிருந்த கோப்புகள் தடையாக உள்ளன போலும் என்று கருதிய பொறியாளர், இரவு நேரக் களைப்பில் அவற்றை அழிக்கும் கட்டளையைப் பிறப்பித்தார். பிறப்பித்த இடமோ தலைமைப் பொறி! ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். ஆயினும் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 கிகாபைட்டே மிஞ்சியது.

காப்புப் பிரதியைத் தேடினார்கள். நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பியிருந்த பிரதி, மென்பொருள் பதிப்புகள் ஒவ்வாமையால் எடுக்கப்படவே இல்லை. எடுக்கவில்லை என்று அறிவிக்கும் மின்னஞ்சல்களும் ஏற்கப்படாமல் திரும்பிக்கொண்டிருந்தன. வேறொரு சோதனைக்காக ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன்னர் எடுத்திருந்த ஒரு பிரதி தற்செயலாக அகப்பட்டதால் பெரும்பகுதியை மீட்டார்கள். இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று. அந்நிறுவனம் நடந்ததை மறைக்காமல் விரிவாக எழுதி வெளியிட்டது போற்றத்தக்கது. படியெடுப்பு நடப்பதாகவும் காப்புப் பிரதி இருப்பதாகவும் கொண்ட நம்பிக்கையை அதற்குமுன் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

படியெடுப்பும் காப்புப் பிரதியும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஒரு பொறி நின்றால் படிகள் காக்கும். ஆனால் ஒருவர் தவறாக ஏதேனும் ஒன்றை அழித்தால், அந்த அழிவும் சற்று நேரத்தில் மூன்று பொறிகளுக்கும் உண்மையாகப் படியெடுக்கப்படும். அப்பொழுது உதவுவது, வேறிடத்தில், வேறு நாளில் எடுத்து வைத்த பிரதியே. அதனையும் எடுத்து வைத்தால் மட்டும் போதாது. அவ்வப்போது வெற்றுப் பொறியில் ஏற்றி, திறந்து, படித்துப் பார்க்கவேண்டும்.

கிரேக்கக் கதையில் கஸாண்ட்ரா டிராய் நாட்டு அரசன் மகள். வருவதை முன்னறிந்து சொல்லும் ஆற்றல் அவளுக்கு வாய்த்திருந்தது. ஆனால் அவள் சொல்லை யாரும் நம்பமாட்டார்கள் என்னும் சாபமும் இருந்தது. அவள் பெயரைத் தாங்கிய மென்பொருள் எங்களுக்கு முதல் நாளே ஒரு வரியில் எச்சரித்தது. நாங்களும் கேட்கவில்லை. சாபத்தின்மேல் பழி போட எங்களுக்கு இடமில்லை. வரியைப் படித்திருந்தால் போதும்.

இப்பொழுது எங்கள் பிரிவில் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் ஒரு வேலை நடக்கிறது. பொறிகளின் நிலையையும் வட்டின் இருப்பையும் கடிகாரங்களையும் பார்த்தபின், ஒப்பிட்டுச் சரிசெய்யும் கட்டளை இரவு நடக்குமாறு ஏற்பாடு செய்கிறார்கள். வெளியிடத்துக்கு ஒரு பிரதி போகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அப்பிரதியை ஒரு பழைய பொறியில் ஏற்றி, மூத்தவர் தாமே தேர்ந்து கொடுத்த 50 சொற்களைத் தேடிப் பார்க்கிறோம். இவ்வளவும் முடிந்தபின், நீண்ட காகிதப் பதிவேடு ஒன்றில் நாளைக் குறித்து, 'மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்று எழுதி, அந்த வாரம் முறை உள்ளவர் கையொப்பமிடுகிறார். சென்ற வாரம் கையொப்பமிட்டவர், அறிவிக்கையில் பிழை செய்த அதே இளையவர். பையென்னியல் என்னும் சொல்லைத்தான் அவர் முதலில் தேடிப் பார்த்தாராம்.